கோடியக்கரைக்குப் போகலாமா? கதையை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பார்ப்பது பற்றி

கல்முனை வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 மார்ச் 2

பொன்னியின் செல்வனை இரண்டாம் முறையாக வாசித்து முடித்திருக்கிறேன். யாழ்ப்பாணம் போய், காங்கேசன்துறையில் கப்பலேறி, கோடியக்கரையை ஒரு தடவை பார்த்து வர ஆசை. ஆனால் அங்கே போய் வந்த என் மச்சான், "ஒன்றுமேயில்லை, ஒரு வெறுங் கடற்கரை, நாலு கடை, ஒரு பற்றைக்காடு, காசைக் கரைக்காதே" என்கிறார். கதையில் வரும் ஊரைத் தேடிப் போவதே வீண் வேலை என்பது அவருடைய முடிவு. நம் பக்கத்திலிருந்து போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

நான் மட்டக்களப்பிலிருந்து போய் வந்தவன். உங்கள் மச்சான் கண்ட பொருள்களில் பிழை எதுவுமில்லை. கடற்கரையும் காடும் சில கடைகளும்தான் அங்கே இருக்கின்றன. ஆனால் கதையிலுள்ள கோடிக்கரையும் அவ்வளவுதானே? அரண்மனையோ கோட்டையோ கடைவீதியோ அங்கே இருப்பதாகக் கல்கி எங்கும் எழுதவில்லை. காடு, சேறு, கடற்காற்று, தனியாக நிற்கும் ஒரு சிவன் கோயில், ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காக்கும் ஒரு குடும்பம் ஆகியவற்றை மட்டுமே கொண்டு அந்த அத்தியாயங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. தஞ்சாவூருக்கும் பழையாறைக்கும் கதையோடு போகிறவர்கள் ஏமாறலாம், ஏனெனில் பழையாறையின் மாளிகைகள் மண்ணோடு மண்ணாகி நெடுங்காலமாகிறது. கோடியக்கரைக்கு அந்தக் குறையில்லை. கதாசிரியர் எடுத்துக்கொண்டவற்றுள் பெரும்பகுதி இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போங்கள்.

போவதற்கு முன் இரண்டாம் பாகமான சுழற்காற்றின் முதல் எட்டு அத்தியாயங்களை மட்டும் தனியே எடுத்து மெதுவாக வாசியுங்கள். கதை முழுவதையும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை.

மார்ச் 4

"பெரும்பகுதி" என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சேற்றிலிருந்து தொடங்குகிறேன்.

வரைபடத்தில் பார்த்தால், வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் முடிந்து, சட்டென்று மேற்கே மடங்குகிறது. மடிப்பின் கிழக்கே திறந்த கடல். மேற்கே வேதாரணியத்துப் பெருஞ் சதுப்பும், அதற்கு அப்பால் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும். ஆகவே ஒரு பக்கம் அலை, மறு பக்கம் சேறு, இடையில் ஒரு காடு என்பதுதான் அந்த ஊரின் உடலமைப்பு. கலங்கரை விளக்கக் குடும்பத்துப் பெண் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடும் கதாநாயகன் வந்தியத்தேவன் புதைசேற்றில் விழுந்து, அவளாலேயே காப்பாற்றப்படும் காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதை ஒரு விறுவிறுப்புக்காகச் சேர்த்த நிகழ்ச்சியென்று எடுத்துக்கொண்டுதான் நானும் வாசித்திருந்தேன். அந்தச் சதுப்பின் ஓரமாக நடந்தபோது, அந்நிலத்தை அறியாத ஒருவன் அங்கே ஓடினால் வேறென்ன நடக்கும் என்ற எண்ணமே வந்தது. மேலே வெடித்துக் காய்ந்த பொருக்கு, அதன் கீழே ஈரம், அதற்கும் கீழே எவ்வளவு ஆழம் என்பது உள்ளூரார் அறிந்த செய்தி. வந்தியத்தேவன் தொண்டை நாட்டிலிருந்து குதிரையில் வந்தவன். அவன் விழுவதும் அவள் விழாமலிருப்பதும் யார் வெளியூரார், யார் உள்ளூரார் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

இரவில் சதுப்பின் மேல் தோன்றும் கொள்ளிவாய்ப் பிசாசுகளும் அப்படியே. அழுகும் தாவரப் பொருளிலிருந்து எழும் மீதேன் முதலிய வாயுக்கள் எரிவதால் இத்தகைய வெளிச்சம் தோன்றுகிறது என்பதே வழக்கமான விளக்கம். நான் அங்கே அதைக் காணவில்லை, இருட்டிய பின் அப்பக்கம் போக உள்ளூரார் விடவுமில்லை. எனினும், இந்த நிலத்துக்கு எந்தப் பேய் பொருந்தும் என்று தேர்ந்து வைத்திருக்கிறாரே, அந்தக் கவனத்தைத்தான் அங்கே போய்ப் பார்த்துவர வேண்டும் என்கிறேன்.

மார்ச் 5

வாழைச்சேனையிலிருந்து எழுதியவருக்கு: இல்லை, கோடியக்கரையில் நின்றால் இலங்கைக் கரை தெரியாது. "தெரிகிறது" என்று யாரோ காணொளியில் சொன்னதை நம்ப வேண்டாம். கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்தில் முடிந்துவிடும். நாற்பது மீற்றர் உயரம் ஏறினாலும் 23 கிலோமீற்றருக்கு அப்பால் கடல்மட்டத்தைக் காண முடியாது. காங்கேசன்துறைக் கரையோ 50 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அதுவும் மலையற்ற தட்டை நிலம்.

தெரியாமலிருப்பதால்தான் கதையும் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற கரையாக இருந்தால் இலங்கைக்குப் போகும் வந்தியத்தேவனுக்கு வழிகாட்டி எதற்கு?

மார்ச் 9

குழகர் கோயிலைப் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவடையாது. அங்கே போவதற்கான காரணங்களுள் முதலாவதாக நான் வைப்பது அதையே.

கோடிக்குழகர் கோயில் பாடல் பெற்ற தலம். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுந்தரர், சேரமான் பெருமாளோடு திருமறைக்காட்டை, அதாவது இன்றைய வேதாரணியத்தை வணங்கிவிட்டு இங்கே வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரரின் கோடிக்குழகர் பதிகத்தை ஓதியிருக்கிறவர்களுக்குத் தெரியும், அது வழக்கமான புகழ்ச்சிப் பாட்டன்று. கடற்காற்று கடுமையாக வந்து மோதும் இந்தக் கரையில், பக்கத்தில் சில குடிகள் இருந்தால் குற்றமாகிவிடுமா, உமக்கு யார் துணையென்று இங்கே தனியே இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார் அவர். மரப்பொந்தில் கூகை குழறும் காட்டைச் சொல்கிறார், அக்காட்டு வேடர்களின் கொடுமையையும் சொல்கிறார். இறைவனிடம் வேண்டுதல் வைக்க வந்தவர், இறைவனுடைய தனிமைக்காக வருந்திவிட்டுப் போகிறார். தேவாரம் முழுவதிலும் எனக்கு இதைவிட நெருக்கமான பதிகம் இல்லை.

கல்கி இப்பதிகத்தைக் கதைக்குள்ளேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார், ஆகவே இதை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றிய ஒன்றை இங்கே வைக்கிறேன், மற்றவர்கள் மறுத்தாலும் கேட்டுக்கொள்கிறேன். பூங்குழலி என்ற பாத்திரமே அந்தப் பதிகத்திலிருந்து பிறந்தவள் என்று நினைக்கிறேன். துணையில்லாமல் இங்கே எப்படி இருக்கிறீர் என்ற கேள்வி ஒரு கடவுளிடம் கேட்கப்பட்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த காலத்தில் கதை நடக்கிறது. அதே கரையில், அதே காற்றில், அதே காட்டின் ஓரத்தில், துணையென்று எவரையும் ஏற்காமல் படகிலும் பாட்டிலும் பொழுது போக்கும் ஒரு பெண்ணைக் கதாசிரியர் கொண்டுவந்து வைக்கிறார். வரலாற்று நூல்களில் அவளுக்கு இடமில்லை, கல்வெட்டில் பெயருமில்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுச் சான்று உண்டு, அருள்மொழிக்குச் சொல்லவே வேண்டாம். பூங்குழலிக்கு ஊரும் காற்றும் ஒரு தேவாரப் பதிகமும்தான் ஆதாரம். அப்படியிருந்தும் எங்கள் வீட்டில், பழைய வார இதழ்ப் பக்கங்களைக் கிழித்துக் கட்டிய தொகுதியில் அதிகமாகக் கைபட்டுக் கறுத்திருந்தவை அவளுடைய பக்கங்களே.

கோயில் பெரிதன்று. கூட்டமில்லாத வேளையில் போனேன். குருக்கள், "சிலோனா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பதிகத்தின் முதற்பாட்டைப் பாடச் சொன்னேன், பாடினார். காற்று உண்மையிலேயே பாட்டை இழுத்துக்கொண்டு போயிற்று.

மார்ச் 10

நாவல் எப்போது வந்தது, எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் இன்று பல பதிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. மணியம் வரைந்த ஓவியங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மார்ச் 16

கலங்கரை விளக்கம் பற்றி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கோடியக்கரையில் இன்று எரியும் உயரமான கோபுரம் அண்மைக் காலத்தது. பிரித்தானியர் காலத்துச் சிறிய விளக்கம் ஒன்றும் உண்டு. சோழர் விளக்கம் என்று உள்ளூரார் காட்டுவது இவ்விரண்டையும் அன்று. கரையோரத்தில் செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் கட்டப்பட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது என்று சொல்லப்பட்டு வந்த ஒரு பழங் கட்டடத்தின் எச்சம் அது. 2004 டிசம்பர் 26 வரை ஓரளவு நிமிர்ந்து நின்ற அதைச் சுனாமி தகர்த்துவிட்டது. இப்போது எஞ்சியிருப்பது அடிப்பகுதியும் சிதறிய கட்டுத் துண்டுகளும்.

உங்கள் மச்சான் "ஒன்றுமில்லை" என்றது அந்த இடத்தில் நின்றுகொண்டாக இருக்கலாம். ஆனால் நம் பக்கத்திலிருந்து போகும் ஒருவர் அந்தத் துண்டுகளை ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வார்? அதே காலை, அதே கடல், மட்டக்களப்பின் நாவலடியைத் துடைத்துக்கொண்டு போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அன்று சாய்ந்த சாய்வோடு நிற்பதை நாம் நாள்தோறும் கடந்து போகிறோம். பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டு எழுந்த நம் வெளிச்சவீடு அன்று தப்பியது, அங்கே ஆயிரம் ஆண்டு நின்றதாகச் சொல்லப்பட்டது தப்பவில்லை. நாவலில் பூங்குழலியின் தந்தை தியாகவிடங்கரின் குடும்பம் இரவெல்லாம் விறகிட்டு எரித்துக் காத்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனவன் நான். அங்கே நின்றபோது கதை பின்னுக்குப் போய்விட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு, அன்று காலை யார் யார் எங்கே நின்றார்கள் என்பதைப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தன் கரையைச் சொன்னார், நான் என் கரையைச் சொன்னேன். கதை தேடிப் போன பயணத்தில் கதையை முற்றாக மறந்திருந்த பொழுது அது. அதற்காக நான் வருந்தவில்லை.

மார்ச் 17

மேலுள்ளதோடு சேர்க்க மறந்தது: அந்தச் செங்கல் துண்டுகளில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், ஒன்றையும் பையில் எடுத்து வராதீர்கள். கடல் விட்டுவைத்ததை நாமாவது விட்டுவைப்போம்.

மார்ச் 23

திரைப்படத்தைப் பற்றிய வாதம் இங்கே நீள்கிறது. படத்தின் இரு பாகங்களும் 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. படத்தில் கண்ட கடலையும் கரையையும் அங்கே தேடினால் கிடைக்காது, அது வேறு இடங்களின் ஒளியும் வேறு இடங்களின் அலையும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தாம் "ஒன்றுமில்லை" என்று திரும்புகிறார்கள் என்று திருக்கோவில் வாசகர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. கோடியக்கரைக் கடற்கரையில் நான் சந்தித்த ஒரு மாணவி, கும்பகோணத்துப் பக்கத்தவள், படத்தைப் பார்த்து, அதிலிருந்து நூலுக்குப் போய், நூலிலிருந்து பதிகத்துக்கு வந்திருந்தாள். கையில் அப்பதிகத்தை எழுதி வைத்திருந்தாள். எந்த வாசல் வழியாக வந்தார் என்பதை வைத்து ஒருவரை அளக்க வேண்டாம் என்பதே என் நிலை.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். பூங்குழலி நின்ற இடம், வந்தியத்தேவன் படகேறிய துறை என்று கூலிக்குக் காட்டுகிறவர்கள் அங்கும் தோன்றத் தொடங்கிவிட்டால் அது அந்த ஊருக்கு நல்லதன்று. பூங்குழலி கற்பனைப் பெண், அவள் நின்ற இடமென்று ஒரு கல்லை நட முடியாது. கோடியக்கரையில் பழங்கதை சொல்லும் மேடு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மணல்மேட்டின் மேல், இராமர் பாதம் என்று ஒரு கல்லில் பாதச்சுவடுகளை வைத்து வணங்குகிறார்கள். தட்டையான அந்த நிலத்தில் அதுவே உயர்ந்த இடம், அதுவும் கடல்மட்டத்திலிருந்து 4 மீற்றர் அளவுதான். அங்கே ஏறி நின்றால் காடும் வெளியும் ஒரே பார்வையில் விரியும், மேயும் வெளிமான்களையும் காணலாம். அந்தக் கதை மக்களுடைய வழிபாட்டால் நிலைத்தது. நாவலின் கதையை வாசிப்பால் நிலைக்க விடுவோம்.

ஏப்ரல் 6

சில நாள்களாக யோசித்து இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வியில் நமக்கு மறுபக்க அனுபவம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் இதுவரை சொல்லவில்லை.

மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி என்ன? "பாடும் மீன் எங்கே?" அதுவும், நம் வாவியில் மீன் பாடும் என்ற ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற வரவுதான். நாம் அவர்களைக் கல்லடிப் பாலத்துக்கு அழைத்துப் போகிறோம். 1924இல் திறந்த பழைய பாலத்தில் நின்று, நிலவு நாளில், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்று சொல்கிறோம். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற பழைய வழக்கையும் சொல்கிறோம். கேட்டவர் சிலர், கேட்காதவர் பலர். கேட்காதவர்களில் ஒரு சாரார் பொய் என்று சொல்லிவிட்டு அன்றே பாசிக்குடாவுக்குப் போய்விடுகிறார்கள். இன்னொரு சாரார் மீன் பாடாவிட்டாலும் வாவியைப் பார்க்கிறார்கள், வீச்சுவலைக்காரரோடு பேசுகிறார்கள், வாவி கடலில் கலக்கும் ஆற்றுவாயை வெட்டுவது எப்போது, ஏன் என்று கேட்கிறார்கள், அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயில் தீர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்கள். அப்படியானவர்களை எத்தனையோ தடவை வீட்டுக்கு அழைத்துச் சோறு கொடுத்திருக்கிறோம்.

வருகிறவர்கள் கையில் கொண்டு வரும் கதையை நாம் வெறுத்ததில்லை, அந்தக் கதை இல்லாவிட்டால் பலர் வந்தே இருக்க மாட்டார்கள். கதையைத் தவிர வேறெதையும் காண மறுப்பதுதான் மனத்தைச் சுடும். கோடியக்கரைக்கு நான் போனபோது இந்த நினைவு எனக்குக் காவலாக நின்றது. அங்குள்ளவர்களிடம் பூங்குழலியைப் பற்றி முதலில் கேட்கவில்லை. மீன்பிடி எப்படி என்று கேட்டேன், உப்பளத்தைப் பற்றிக் கேட்டேன், பிறகுதான் நாவலுக்கு வந்தேன். நாவலைச் சொன்னதும் வலை தைத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் தலை நிமிராமலே, "எங்க ஊருக் கதைதானே, நாங்க படிக்காம இருப்போமா" என்றார்.

ஏப்ரல் 8

மாமாங்கத்தைச் சொன்னதும் ஒருவர் நினைவூட்டினார், அவருக்கு நன்றி. கோடியக்கரைக் கடலையும் ஆதிசேது என்று சொல்லி, ஆடி, தை அமாவாசைகளில் தீர்த்தமாடுகிறார்கள். ஆடி அமாவாசையன்று அமிர்தகழிக் குளத்தில் பிதிர்க்கடன் தீர்த்து நிற்கும் நம்மவர்களைக் கண்டவர்களுக்கு அங்கத்தைய காட்சி புதிதாக இராது. ஆனால் ஊரைப் பார்க்க விரும்பினால் அந்த நாள்களில் போக வேண்டாம், கூட்டத்தை மட்டும்தான் பார்க்கலாம்.

ஏப்ரல் 20

"பற்றைக்காடு" என்ற சொல்லுக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் அந்தக் காட்டை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அது உலர் பசுமைமாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது. வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெளிமானோடு கட்டாக்காலிக் குதிரைகளும் அங்கே திரிகின்றன. குதிரைகளைக் கண்டதும் நாவல் வாசகர் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவை சோழர் குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது அந்த வட்டாரத்தில்தான். வேதாரணியம் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் வேரோடு சாய்ந்தன, சரணாலயத்தின் மரங்களும் ஏராளமாக முறிந்தன. நான் போனபோது காட்டின் சில பகுதிகளில் உயர்ந்த மரம் குறைவாகவும் புதர் மிகுதியாகவும் இருந்தன. உங்கள் மச்சான் பார்த்தது இந்தக் காட்டையாக இருக்கலாம். 1978 நவம்பர் 23இன் சூறாவளியை அனுபவித்த மட்டக்களப்பார் வீட்டில் கேட்டுப் பாருங்கள், தென்னை விழுந்தால் ஒரு ஊர் நிமிர எத்தனை காலமாகும் என்று சொல்வார்கள். தென்னம்பிள்ளை நட்டுக் காய் காண ஐந்தாறு வருடம், அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? வேதாரணியத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் கஜாவைப் பற்றிச் சொன்னபோது, எங்கள் அம்மா சொல்லும் சொற்களையே சொன்னார். ஒரு நாவலில் கூகை குழறும் அடர்காடாக வாசித்த இடத்தைப் புதராகக் காண நேர்ந்தால், அது ஏன் அப்படியாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அந்தப் பயணத்தின் பகுதியே.

மே 4

கடலைப் பற்றி எழுதச் சொல்லிப் பல நாளாகக் கேட்கிறார்கள். தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நாவலில் ஒரு பெண் இரவில் தனியே படகு செலுத்தி, சோழ நாட்டுக் கரையிலிருந்து ஈழத்தை அண்டிய தீவுகளுக்குப் போய்வருகிறாள். நாகத்தீவு, தொண்டைமானாற்றின் முகத்துவாரம் எனக் கதை நம் நாட்டுக் கரைகளைத் தொட்டுப் போகிறது. ஈழத்தில் நிகழும் அத்தியாயங்களை வாசித்துப் பழகிய நமக்குக் கோடியக்கரையில் நிற்கும்போது வரும் முதல் எண்ணம் தமிழ்நாட்டு வாசகருக்கு வரும் எண்ணமாக இராது. அவர்களுக்கு அது கரையின் கடைசி. நமக்கு வீட்டுக்குப் போகும் திசை அது.

1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அந்த நீரின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. இன்று கோடியக்கரையிலிருந்து புறப்படும் படகும், வடமராட்சியிலிருந்து புறப்படும் படகும் அந்தக் கோட்டில் பகைமையோடு சந்திக்கின்றன. கடலடியை வாரும் இழுவைமடியால் நம் வடக்கு மீனவர் வலையிழந்து, கடலின் அடித்தளமே அழிகிறது என்பது உண்மை, 2017இல் நம் நாடு அந்தத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தும் ஆயிற்று. பிடிபட்ட கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் அக்கரையில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. கடற்கரையில் என்னோடு பேசியவர்கள் சிறுபடகுக்காரர்கள். இழுவைப்படகு தங்கள் வலையையும் அறுப்பதாக அவர்களே சொன்னார்கள். இதை நாவலோடு முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. ஆனால் பாக்குநீரிணையை ஒரு பெண் துடுப்பால் கடந்ததாகப் படித்து மகிழ்ந்தவர்கள், இன்று அப்படிப் படகில் கடக்க முடியாமலிருப்பதையும் அறிந்தே அந்தக் கரையில் நிற்க வேண்டும்.

மே 5

இதற்கு வந்த மறுமொழிகளில் அரசியல் வாதம் தொடங்கிவிட்டது. அதை இங்கே நீட்ட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மே 18

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, கடல் கடந்து போகும் நீங்கள் நம் ஊர்களைக் களமாகக் கொண்ட நாவல்களை வைத்துக்கொண்டு நம் ஊரையே பார்த்ததுண்டா?"

நியாயமான கேள்வி. விமல் குழந்தைவேலின் கசகறணம் அக்கரைப்பற்றுச் சந்தையைக் களமாகக் கொண்டது. அதை வாசித்த பின் அந்தச் சந்தைக்குள் போனேன். கோடியக்கரையில் வராத ஒரு கூச்சம் அங்கே வந்தது. வியாபாரம் செய்துகொண்டிருந்த பெண்களின் முகத்தைப் பார்க்கும்போது, அவர்கள் அறியாமல் அவர்களுடைய வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவன் போலிருந்தது. பழங்காலக் கதையின் ஊரில் நாம் நிலத்தைப் பார்க்கிறோம். நம் காலத்துக் கதையின் ஊரில், அந்தக் கதைக்குள் காயப்பட்டவர்கள் நம் முன்னாலேயே மரக்கறி நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வகைப் பயணமாக நான் இனிச் சொல்ல மாட்டேன். தங்கை இதைப் பற்றித் தனியே ஓர் இழை தொடங்கினால் அங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 1

கல்முனை வாசகர், வரும் தை மாதத்தில் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு போவதாக முடிவெடுத்திருக்கிறார். மகிழ்ச்சி. அவர் கேட்ட விபரங்கள்:

இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, இடையிடையே நின்றும் இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது நிறுத்திவிடுவார்கள். ஆகவே பயணச்சீட்டை உறுதிசெய்த பின்னரே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறுங்கள். கடற்பாதை 60 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நான்கு மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் காலைச் சாப்பாட்டைக் குறையுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரணியம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர், பஸ் உண்டு. திருத்துறைப்பூண்டி வழியாக வருவதானால் 2023 ஏப்ரல் முதல் அகத்தியம்பள்ளி வரை மீண்டும் ரயில் ஓடுகிறது. அகத்தியம்பள்ளியில் இறங்கினால் 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடத்து நினைவுத்தூணைப் பாருங்கள். கல்கியும் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், ஆகவே நாவலாசிரியரை விரும்புகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தங்குவதற்கு வேதாரணியமே வசதி. கோடியக்கரையில் இரவு தங்கும் எண்ணத்தோடு அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்.

தை மாதம் நல்ல தெரிவு. மழை ஓய்ந்திருக்கும், சதுப்பில் நீர் இருக்கும், பூநாரைகளும் இருக்கும். சரணாலயத்துக்குள் போக வனத்துறை நுழைவாயிலில் கட்டணம் செலுத்த வேண்டும், சதுப்பின் எந்தப் பக்கம் அன்று திறந்திருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். விடியற்காலையில் இராமர் பாதம், வெயில் ஏறுமுன் காடு, நடை திறந்திருக்கும் நேரம் பார்த்துக் குழகர் கோயில், பின்னேரத்தில் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் அப்பாவுக்கும் களைப்புக் குறையும். தை அமாவாசை எந்தத் திகதியில் வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மச்சானையும் கூட்டிக்கொண்டு போக முடியுமானால் கூட்டிப் போங்கள். கப்பலில் நான்கு மணித்தியாலம் சும்மாதான் இருப்பார், அந்த எட்டு அத்தியாயங்களை அவர் கையில் கொடுங்கள்.